பிள்ளையின் சைக்கிளை எதில் கோத்து இழுப்பது?

நான்கு வயதிலிருந்து ஏழு வயது வரை ஒரு பிள்ளை சைக்கிள் விஷயத்தில் இரண்டுங்கெட்டான். பின் சீட்டில் உட்காரவைத்தால் கால் நீண்டு தொங்குகிறது. "நானே மிதிப்பேன்" என்று அடம் வேறு. சரி, மிதிக்கட்டும் என்று விட்டால் தெருமுனை வரை ஒழுங்காகப் போகும். அங்கே ஒரு நாயைக் கண்டதும் கண் போகும் பக்கமே ஹேண்டில்பாரும் போகும். வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சைக்கிள் பழக்கம் இருந்தால் இந்த வயதில்தான் அந்தக் கேள்வி வரும்: பிள்ளையின் சைக்கிளை என் சைக்கிளோடு கோத்து இழுத்துப் போக ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், பல வகையில். இழுபடும் கயிறு, சீட் பைப்பில் மாட்டும் கம்பி, பின் ஆக்சிலில் பூட்டும் சட்டம், முன் சக்கரமே இல்லாத அரை சைக்கிள், இரண்டு சக்கரக் கூண்டு ட்ரெய்லர். இவற்றைப் பற்றி வரும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இங்கிலாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து பக்கத்து ஆட்கள் எழுதியவை. அவர்களுக்கு முதல் கவலை மேடு. களைத்துப்போன பிள்ளையை மலைப்பாதையில் எப்படி ஏற்றுவது என்று யோசிக்கிறார்கள். சென்னைக்கு அந்தக் கவலை கிடையாது. கடல் மட்டத்திலிருந்து இந்த ஊரின் சராசரி உயரம் ஏறத்தாழ 6.7 மீட்டர். அடையாறு திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம் மாதிரி சிலவற்றை விட்டால் தென்சென்னையில் மூச்சு வாங்கவைக்கும் ஏற்றம் எதுவும் வழியில் வராது.

நம் கவலை வேறு. இந்திரா நகரிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவதை எடுத்துக்கொள்வோம். மூன்று கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். இந்திரா நகரின் உள் தெருக்களில் விடிகாலையில் பால் வண்டியும் நடைப்பயிற்சிக்காரர்களும்தான். சாஸ்திரி நகர் தாண்டிவிட்டால் அகலமான அவென்யூ, மர நிழல். இங்கெல்லாம் பிள்ளை தானே ஓட்டலாம், ஓட்டவும் வேண்டும். ஆனால் நடுவில் எல்.பி. ரோடு இருக்கிறது. பஸ், ஷேர் ஆட்டோ, மெட்ரோ வேலைக்குப் போட்ட தடுப்பு, தடுப்பை ஒட்டி எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டி. அந்தத் துண்டில் ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் ஹேண்டில்பார் இருக்கக் கூடாது.

சென்னையில் இழுவைக் கருவிக்கு இதுதான் வேலை: கெட்ட சாலையில் பிள்ளையைக் கோத்துக்கொள்வது, நல்ல சாலை வந்ததும் அவிழ்த்து விடுவது. எத்தனை சீக்கிரம் கோக்கலாம், எத்தனை சீக்கிரம் அவிழ்க்கலாம் என்பதே என் முதல் அளவுகோல். அடுத்தது, கோத்த பிறகு வண்டி எவ்வளவு ஆடுகிறது, எவ்வளவு இடத்தை அடைக்கிறது. வேகம், எடை, நிறம் எல்லாம் அப்புறம். ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் குடியிருப்பவருக்கு என் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. அவர் கேட்டைத் தாண்டாத வரை எதை வாங்கினாலும் ஓடும்.

முதலில் பின் சீட்டைப் பேசி முடித்துவிடலாம். அது இழுவைக் கருவி இல்லைதான், ஆனாலும் எல்லாவற்றுக்கும் போட்டி அதுதான். ஐரோப்பிய தரமான இ.என். 14344-க்கு உட்பட்ட பின் சீட்டுகள் பொதுவாக 9 கிலோவிலிருந்து 22 கிலோ வரை தாங்கும். டெகத்லான் மாதிரிக் கடைகளில் இங்கேயே வாங்கலாம். பெல்ட் உண்டு, காலுக்குத் தடுப்பு உண்டு. வெறும் கேரியரில் துணியை மடித்துப் போட்டு உட்காரவைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கால் தடுப்புதான். கேரியரில் உட்கார்ந்த பிள்ளையின் குதிகால் ஸ்போக்கில் மாட்டிக்கொள்வது எலும்பு முறிவு டாக்டர்கள் அடிக்கடி பார்க்கும் காயம். பிள்ளைக்கு மூன்றரை வயது, பதினைந்து கிலோ என்றால் மேற்கொண்டு படிக்காமல் பின் சீட்டை வாங்கிவிடலாம். இதில் நம்மூர் பழைய ரோட்ஸ்டர் சைக்கிளுக்கு ஒரு அனுகூலமும் இருக்கிறது. அதன் இரட்டைக் கால் ஸ்டாண்டைப் போட்டுவிட்டுப் பிள்ளையை ஏற்றலாம், வண்டி அசையாது. கியர் சைக்கிளின் ஒற்றைக் கால் ஸ்டாண்டை நம்பிப் பிள்ளையை உட்காரவைத்துவிட்டுக் கையை எடுக்கவே கூடாது.

ஆனால் பிள்ளை பதினெட்டு கிலோவைத் தொட்டதும் பின் சீட்டின் குணம் மாறும். எடை முழுக்க உயரத்தில், பின் சக்கரத்துக்கு மேலே. சிக்னலில் ஒரு காலை ஊன்றி நிற்கும்போது பிள்ளை எட்டி எதையாவது பார்த்தால் வண்டி சாய்வது நம் தொடையில் தெரியும். அதோடு, கடற்கரைக்குப் போய் இறங்கினால் பிள்ளையிடம் சைக்கிள் இருக்காது.

ட்ரெய்லரையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். துணிக்கூண்டு, இரண்டு சக்கரம், உள்ளே ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். பர்லி, தூலே எல்லாம் இதில் பெயர் பெற்றவை. இருவர் உட்காரும் கூண்டுகள் 45 கிலோ வரை ஏற்றும். ஜெர்மனியில் ஏழு வயது வரையிலான இரண்டு பிள்ளைகளை இப்படி ஏற்றிப்போகச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஓட்டுபவருக்குப் பதினாறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். நம் சைக்கிள் விழுந்தாலும் கூண்டு நிமிர்ந்தே நிற்கும்படி இணைப்பு இருப்பது இதன் பெரிய பலம். பாதுகாப்பு என்று மட்டும் பார்த்தால் நல்ல தார்ச் சாலையும் தனி சைக்கிள் பாதையும் உள்ள ஊரில் இதை அடிக்க ஆள் இல்லை.

இங்கே சரிப்படாது. இருவர் கூண்டின் அகலம் எண்பது சென்டிமீட்டர் அளவுக்கு வரும், ஹேண்டில்பாரைவிட அகலம். நாம் நுழைந்த இடைவெளியில் அது நுழையாது. நாம் குழிக்குப் பக்கத்தில் ஒதுங்கிப் போவோம், கூண்டின் ஒரு சக்கரம் அதே குழியில் இறங்கும். பிள்ளையின் முகம் பஸ்ஸின் புகைக்குழாய் மட்டத்தில் இருக்கும். மே மாதத்தில் பிளாஸ்டிக் மூடியை இறக்கினால் உள்ளே வேகும், ஏற்றினால் புழுதி. மூன்றாவது மாடி வீட்டுக்காரர் அதை எங்கே வைப்பார் என்ற கேள்வியும் இருக்கிறது. பிள்ளை மிதிக்கவும் முடியாது. ஐந்து வயதுக்காரனுக்கு இது பெரிய அவமானம்.

கயிறு இன்னும் சுலபமாகத் தள்ளுபடி. மலைப்பாதை சைக்கிள்காரர்கள் கொண்டாடும் சாமான் இது: இழுபடும் கயிறு, ஒரு முனை நம் சீட்டுக்கடியில், மறுமுனை பிள்ளையின் ஹேண்டில்பாரில். எடை கிடையாது, பாக்கெட்டில் அடங்கும், விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. ஆனால் பிள்ளையின் இரண்டு சக்கரமும் தரையில்தான் இருக்கும், ஹேண்டிலும் பிரேக்கும் அவன் கையில்தான் இருக்கும். நாம் பிரேக் பிடித்தால் கயிறு தொய்ந்து அவன் முன் சக்கரத்தில் சுற்றலாம். சமதள ஊரில் ஏற்றத்துக்கான கருவிக்கு வேலையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், இரண்டு சைக்கிளுக்கு நடுவே ஒன்றிரண்டு மீட்டர் இடைவெளி தெரிந்தால் சென்னையில் ஒரு பைக் அதில் புகும். புகுந்த பிறகுதான் கயிற்றைப் பார்ப்பார்.

மீதி மூன்று வகைதான் உண்மையான போட்டி. அரை சைக்கிள், சீட் பைப் கம்பி, ஆக்சில் சட்டம்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். பின்னால் ஒற்றைச் சக்கரத்தில் ஒரு பிள்ளை வரும்போது, நடுவில் உள்ள மூட்டு இரண்டு திசையில் தாராளமாக அசைய வேண்டும்: திருப்பத்தில் இடவலமாக, வேகத்தடையில் மேலும் கீழுமாக. மூன்றாவது அசைவு ஒன்று உண்டு, பக்கவாட்டில் சாய்வது. அது மட்டும் இருக்கவே கூடாது. நாம் சாய்ந்தால் பிள்ளையின் வண்டியும் அதே அளவு சாய வேண்டும், நாம் நிமிர்ந்தால் அதுவும் நிமிர வேண்டும். இந்த மூன்றாவது திசையில் மூட்டில் கொஞ்சம் ஆட்டம் விழுந்தாலும் பிள்ளை கோணலாக ஒரு பக்கம் தொங்கிக்கொண்டே வருவான். நாம் எதிர்ப்பக்கம் உடம்பை வளைத்தே ஓட்டிக்கொண்டிருப்போம். விலை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் இந்த ஆட்டத்தை எப்படி அடக்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததுதான்.

"கிரில் அடிக்கிற பட்டறையில ஒரு கம்பியை வளைச்சு வெல்டு பண்ணிக்கிட்டா போச்சு" என்று சொல்லும் மாமா எல்லார் வீட்டிலும் உண்டு. மாமாவிடம் இந்த மூன்று அசைவையும் விளக்கிவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேட் செய்பவர் கைதேர்ந்தவராகவே இருக்கலாம், ஆனால் கேட் ஒரு கீலில் ஒரே திசையில்தான் ஆடும். தினம் ஆயிரம் தடவை முறுக்கு வாங்கும் மூட்டில் வெல்டு எங்கே விரிசல் விடும் என்று வெளியிலிருந்து தெரியாது.

இப்போது அரை சைக்கிள். பின் சக்கரம், சீட்டு, பெடல், ஹேண்டில் எல்லாம் உண்டு, முன் சக்கரம் மட்டும் கிடையாது. அந்த இடத்திலிருந்து ஒரு நீளக் குழாய் வந்து நம் சைக்கிளில் சேரும். பிள்ளையின் ஹேண்டில் திரும்பாது, பிடித்துக்கொள்ள மட்டும்தான். மிதித்தால் நமக்கு உண்மையிலேயே உதவி கிடைக்கும், மிதிக்காவிட்டாலும் வண்டி வரும். இந்த வகையில் மலிவானவை நம் சீட் பைப்பில் மாட்டுபவை. பர்லியின் பிக்கோலோ அப்படியல்ல. அதற்கென்று ஒரு தனி கேரியர் வரும், மூட்டு பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்காரும், ஆட்டம் கணிசமாகக் குறையும். நான்கிலிருந்து பத்து வயது வரை, 38.5 கிலோ வரை என்கிறது தயாரிப்பாளரின் கணக்கு. மூன்று வகைகளில் ஓட்டுவதற்கு மிகச் சுகமானது நல்ல அரை சைக்கிள்தான். இழுபடுவதற்காகவே செய்த வண்டி, அதனால் நேராக வருகிறது.

ஆனால் கடற்கரையில் அவிழ்த்தால் அது வெறும் இரும்பு. பிள்ளை ஓட்ட முடியாது. நீண்ட தூரம் போகிறவர்களுக்கு, உதாரணமாக விடிகாலையில் ஈ.சி.ஆரில் அக்கரை தாண்டிப் போய் வரும் குடும்பத்துக்கு, இது பொருந்தும். பிள்ளைக்கு அங்கே தனியாக ஓட்ட இடமும் இல்லை, ஓட்டவிடவும் கூடாது. ஊருக்குள் தெருவுக்குத் தெரு சாலையின் குணம் மாறும் இடத்தில் எனக்கு இது வேண்டாம். இருக்கிற குட்டி சைக்கிளோடு இன்னொரு வண்டிக்கும் பார்க்கிங்கில் இடம் தேட வேண்டும் என்பது தனி.

ஆக, பிள்ளையின் சொந்த சைக்கிளையே இழுக்கும் இரண்டு கருவிகள் மிஞ்சுகின்றன.

ஒன்று கம்பி. ட்ரெயில்கேட்டர் என்பது இதில் தெரிந்த பெயர். ஒரு முனை நம் சீட் பைப்பில், மறுமுனை பிள்ளையின் சைக்கிளில் ஹேண்டிலுக்குக் கீழே உள்ள ஃபிரேம் குழாயில். பிள்ளையின் முன் சக்கரம் தரையை விட்டுச் சில அங்குலம் தூக்கிக்கொள்ளும். 12 முதல் 20 அங்குலச் சக்கரம் வரை, பிள்ளையின் எடை 32 கிலோ வரை. மற்றது சட்டம். ஃபாலோமீ என்ற சுவிஸ் தயாரிப்பு இது. நம் பின் சக்கரத்து ஆக்சிலின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, வளைந்து பின்னால் வந்து, பிள்ளையின் முன் சக்கரத்தைத் தாங்கித் தூக்கிக்கொள்ளும். சக்கர அளவு அதே 12 முதல் 20 அங்குலம், வயது மூன்றிலிருந்து ஒன்பது, பிள்ளையும் அவன் சைக்கிளும் சேர்ந்து 45 கிலோவுக்குள்.

காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். சாலையில் ஒன்றல்ல. கம்பி பிடிக்கும் சீட் பைப் உயரத்தில் இருக்கிறது, ஒரே குழாய். பிள்ளை இடது பக்கம் சாய்ந்தால் அந்தக் குழாயை அவன் நெம்புகிறான், நம் இடுப்புக்குக் கீழே வண்டி முறுக்கிக்கொள்கிறது. கம்பியின் பூட்டில் சிறு இடைவெளி இருந்தாலும் அத்தனை நீளத்துக்குப் பின்னால் அது பெரிய கோணலாகத் தெரியும். ஆக்சில் சட்டம் தாழ்வாக, தரைக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் விரிந்து பிடிக்கிறது. பிள்ளை சாய்ந்தாலும் நெம்புவதற்குக் கை நீளம் கிடைக்காது. பெசன்ட் நகர் வீதிகளில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் முதல் திருப்பத்திலேயே உடம்புக்குத் தெரிந்துவிடும்: கம்பியில் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்ற நினைப்பு போகவே போகாது, சட்டத்தில் கொஞ்ச நேரத்தில் வண்டி நீளமாகிவிட்டது என்று மட்டும்தான் தோன்றும்.

கோப்பதும் அவிழ்ப்பதும் இரண்டிலும் பழகிவிட்டால் சட்டென்று முடியும். சட்டத்தை அவிழ்த்த பிறகு மடித்து நம் பின் சக்கரத்தோடு நிமிர்த்திக் கட்டிக்கொள்ளலாம். இன்னொரு அனுகூலம், சட்டம் சீட் பைப்பையும் கேரியரையும் தொடுவதில்லை. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் சின்னதைப் பின் சீட்டிலும் பெரியதைப் பின்னாலும் ஒரே நேரத்தில் கூட்டிப் போகலாம். கம்பியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, இரண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும்.

விலைதான் சட்டத்தின் குறை. ஐரோப்பாவிலேயே இருநூற்றைம்பது யூரோவைத் தாண்டும். கம்பி அதில் ஒரு பங்குக்கு வந்துவிடும். நம் தெரு சைக்கிள் கடையில் இரண்டையும் எதிர்பார்க்க முடியாது. வெளிநாட்டுக் கடையில் சொல்லி வரவழைத்தால் சுங்கமும் கூரியரும் சேரும். ஜெர்மனியிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறைக்கு வரும் தம்பியின் பெட்டிதான் நடைமுறை வழி. சட்டம் நான்கு கிலோ அளவில்தான், பெட்டியில் போகும்; அரை சைக்கிளுக்கு அட்டைப் பெட்டி தனியாகக் கட்ட வேண்டும், தம்பி முகம் சுளிப்பான்.

எதை வரவழைப்பதற்கு முன்னும் நம் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கருவிகள் எல்லாம் வேறு மாதிரி சைக்கிளை மனதில் வைத்துச் செய்தவை. நம் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வகையறா வேறு. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் வார்த்துத் தள்ளிய அந்த இரும்பு வண்டிகளின் பின் ஆக்சிலை ஒரு தடவை குனிந்து பாருங்கள். ஆக்சில் சட்டத்தைப் பற்றி எங்கள் மெக்கானிக்கிடம் படம் காட்டிக் கேட்டபோது அவர் படத்தைவிட வண்டியைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"மரை எங்க சார் மிச்சம் இருக்கு? ஸ்டாண்டு, கேரியர் கால், மட்கார்டு கம்பி, எல்லாமே இந்த ஆக்சில்லதானே தொங்குது."

"என்ன பண்ணலாம்ண்ணே?"

"நீள ஆக்சில் போட்டாதான் ஆகும். இல்லாட்டி ஸ்டாண்டைக் கழட்டி சைடு ஸ்டாண்டு போட்டுக்கங்க."

முழு உண்மை. நட்டு போட்டு முடுக்கும் ஆக்சில், நெம்புகோலால் திறக்கும் குவிக் ரிலீஸ், புது மலைச் சைக்கிள்களில் வரும் த்ரூ ஆக்சில் மூன்றுக்கும் சட்டத்தின் இணைப்புத் துண்டு வெவ்வேறு. நம்முடையது எது என்று தெரியாமல் வாங்கினால் தம்பி அடுத்த விடுமுறைக்கு வரும் வரை அது பரணில் கிடக்கும். சக்கர அளவில் பெரிய சிக்கல் வராது. 26 அங்குலமும் 28 அங்குலமும் சாதாரணமாக அடங்கும். அகலமான டயரும் மட்கார்டும் சேர்ந்தால் எங்கே உரசும் என்று மட்டும் பார்க்க வேண்டும்.

கம்பிக்கும் அரை சைக்கிளுக்கும் சீட் பைப்தான் கேள்வி. 25.4 மில்லிமீட்டர், 27.2, 31.6 என்று வண்டிக்கு வண்டி மாறும்; பிடிப்பானுக்குள் போடும் வளையத்தைப் பைப்புக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுக்க வேண்டும். சரியாகப் பொருந்தாததை சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இறுக்கிவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். விளக்கு மாட்டுவதற்கு அது சரி, பிள்ளையை மாட்டுவதற்குச் சரியில்லை. கார்பன் சீட் பைப்பில் இவற்றை மாட்டவே கூடாது. யாரும் எழுதாத இன்னொன்று: கால் தரையில் பட வேண்டும் என்று சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி ஓட்டுபவர்கள் நம்மிடம் அதிகம், குறிப்பாக லேடீஸ் சைக்கிளில். வெளியே தெரியும் பைப் இரண்டு விரல் அளவுகூட இருக்காது. பிடிப்பான் உட்கார இடமே இல்லை. அவர்களுக்கு ஆக்சில் சட்டம் ஒன்றுதான் வழி.

பிள்ளையின் சைக்கிளையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும். மட்கார்டு, கேரியர், முன் கூடை, பிளாஸ்டிக் பொம்மை எல்லாம் சேர்ந்த நம்மூர் 16 அங்குல இரும்பு சைக்கிள் பத்துக் கிலோவுக்குக் குறையாது. ஐந்து வயதுப் பிள்ளை பதினெட்டு கிலோ. மொத்தம் இருபத்தெட்டு, 45-க்குள் தாராளமாக அடங்குகிறது. எட்டு வயதில் பிள்ளை இருபத்தைந்து, சைக்கிள் 20 அங்குலத்துக்கு மாறிப் பன்னிரண்டு பதின்மூன்று என்றால் முப்பத்தெட்டு. அனுமதிக்குள்தான், ஆனால் அப்போது நாம் இழுப்பது ஒரு சிறிய ஆளை. கூடையையும் பின் கேரியரையும் கழற்றி வைத்தால் ஒரு கிலோ மிச்சம். சைடு வீலைக் கட்டாயம் கழற்ற வேண்டும். திருப்பத்தில் இரண்டு வண்டியும் சேர்ந்து சாயும்போது அந்தச் சின்னச் சக்கரம் தரையில் முட்டி எல்லாவற்றையும் தூக்கிப் போடும். சைடு வீல் இல்லாமல் இருக்க முடியாத பிள்ளையை இழுக்கலாமா என்றால், இழுக்கலாம். கோத்த பிறகு பேலன்ஸ் நம் பொறுப்பு. அவிழ்த்த பிறகுதான் சங்கடம்.

பிரேக்கைப் பற்றி விளம்பரங்களில் பேச்சே இருக்காது. முன்னால் நாம் எழுபது கிலோ, நம் வண்டி இருபது, பின்னால் முப்பது. நிறுத்த வேண்டிய எடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, பிரேக் அதே பழைய பிரேக். ராடு பிரேக் வண்டியில் இதைச் செய்யாதீர்கள். இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை பிடிக்கும் வண்டியானாலும் மழை ஈரத்தில் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அலுமினிய ரிம், நல்ல வி பிரேக் அல்லது டிஸ்க் குறைந்தபட்சத் தேவை. பிள்ளையின் முன் பிரேக்குக்கு வேலை இல்லை, சக்கரம் ஆகாயத்தில் இருக்கிறது. பின் பிரேக் வேலை செய்யும், அது வம்பு. பின்னாலிருந்து அவன் விளையாட்டாகப் பிடித்தால் நமக்கு ஏன் மிதி கனக்கிறது என்றே புரியாது. "கண்ணா, அப்பா சொல்லும்போது மட்டும்தான் பிரேக்" என்று சொல்லிப் பழக்க வேண்டும். ஒரு வாரம் கேட்பான்.

இவை எல்லாவற்றையும் விட நீளம்தான் சென்னையில் பழகக் கஷ்டமானது. கம்பியோ சட்டமோ அரை சைக்கிளோ, கோத்த பிறகு மொத்தம் மூன்று மீட்டர் அளவுக்கு வந்துவிடும். சாலை நடுவே மீடியனில் இடைவெளி விட்டிருப்பார்களே, அங்கே பாதி கடந்து நின்று, எதிர்ப்பக்கம் ஓய்ந்ததும் மீதி கடப்பதுதான் நம் எல்லாருக்கும் பழக்கம். கோத்த வண்டியில் அந்தப் பழக்கத்தை மறந்துவிட வேண்டும். நாம் மீடியனில் பத்திரமாக நிற்போம், பிள்ளை பின்னால் ஓடும் சாலையில் நிற்பான். சிக்னல் உள்ள இடத்தில் மட்டும் கடப்பது, இல்லாவிட்டால் இறங்கி உருட்டிக்கொண்டு கடப்பது. திருப்பத்தில் பின் வண்டி உள்வாட்டில் குறுக்கே வரும். நடைமேடை ஓரக்கல்லை ஒட்டித் திரும்பினால் பிள்ளையின் பெடல் அதில் தட்டும். வேகத்தடையில் நம் இரண்டு சக்கரம் இறங்கிய பிறகு மூன்றாவது ஒரு குலுக்கல் வரும், அதற்குள் வேகமெடுத்துவிடக் கூடாது.

பிள்ளைக்கு ஹெல்மெட் எல்லா வகையிலும் கட்டாயம். பைக் ஹெல்மெட் வேண்டாம், கனம் கழுத்தை இழுக்கும். சைக்கிளுக்கென்று இ.என். 1078 முத்திரையோடு வருவதைத் தலைச் சுற்றளவு பார்த்து வாங்கலாம். பின்னால் ஒரு உயரக் கொடி, சிவப்பு விளக்கு. ஆட்டோக்காரர் கண் நம் முதுகில்தான் நிற்கும், அதற்குக் கீழே இன்னொரு தலை இருப்பதை அவருக்கு அறிவித்தாக வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் கோத்துப் போகவே வேண்டாம். மூடி இல்லாத குழி தண்ணீருக்கடியில் எங்கே இருக்கிறது என்று தெரியாத நேரத்தில் ஒற்றை ஆள் சைக்கிளே அதிகம். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் குடியிருந்தால் இன்னொரு வேலை: உப்புக்காற்று பூட்டையும் ஸ்பிரிங்கையும் தின்றுவிடும். மாதம் ஒரு தடவையாவது துடைத்து எண்ணெய் விட வேண்டும். பூட்டு சிக்கினால் அவிழ்க்கும் வேகம் போய்விடும், இந்தக் கருவியை வாங்கிய காரணமே அதோடு போய்விடும்.

என் கையில் பணத்தைக் கொடுத்து வாங்கச் சொன்னால் ஆக்சில் சட்டம்தான். விலை வலிக்கும், ஆனால் நான்கு வயதில் வாங்கினால் எட்டு வயது வரை ஓடும், பிறகு தங்கைக்கு, அதற்குப் பிறகு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டால் அன்றே போய்விடும். பட்ஜெட் இடிக்கிறது, தூரம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான், பிள்ளை ஒல்லி, சீட் பைப் நல்ல உறுதி என்றால் கம்பி போதும். ஆட்டத்துக்கு மனதைத் தயார் செய்துகொண்டு மெதுவாகப் போகலாம். ஈ.சி.ஆர். விடிகாலைக் குடும்பத்துக்கு அரை சைக்கிள், அதுவும் கேரியரில் மாட்டும் வகை. நான்கு வயதுக்குக் கீழே பின் சீட்.

சிலருக்கு எதுவுமே தேவையில்லை. அண்ணா நகரில் டவர் பூங்காவுக்குப் பின் தெருவில் வீடு, பிள்ளைக்கு ஆறரை வயது, சைடு வீல் கழற்றியாயிற்று என்றால், பெரிய ரோட்டைக் கடக்கும் இடத்தில் இருவரும் இறங்கி சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்தால் முடிந்தது. ஓர் ஆண்டுக்காக இருபத்தைந்தாயிரம் ரூபாயை ஆக்சிலில் தொங்கவிட வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கு எடை குறைந்த நல்ல குட்டி சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் பிள்ளை இன்னும் தூரம் போவான். இரும்பு வண்டியைத் தள்ளித் தள்ளியே பாதிப் பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள், இழுக்க ஆள் தேடுவதும் அதனால்தான்.

வாங்குவது என்று முடிவானால் ஐந்து விவரங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: பின் ஆக்சில் எந்த வகை, நட்டுக்கு வெளியே மரை எத்தனை மில்லிமீட்டர் மிச்சம், சீட் பைப்பின் விட்டம், வெளியே தெரியும் நீளம், பிள்ளையின் சைக்கிளில் முன் சக்கர ஆக்சிலின் தடிமன். தம்பிக்கு அனுப்பும்போது வண்டியின் படத்தையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். கடைக்காரர் கேட்கப்போவது அதைத்தான்.